‘லூசீல்’ கவிதையும் லிட்டன் பிரபுவும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

1876-78இல் தென்னிந்தியாவை வாட்டிய தாது வருடப் பஞ்சத்தைப் பற்றிப் பேசும்போது, அன்றைக்கு வைஸ்ராயாக இருந்த லிட்டன் பிரபு இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் பெயர் வாங்கிய ஒரு காதல் கவிஞர் என்று சொல்லிவிட்டால் போதும், பேச்சு அங்கேயே நின்றுவிடும். பிறகு வருகிற கேள்விகள் ஏறக்குறைய எப்போதும் ஒன்றுதான். அவற்றைக் கேட்டவர்கள் கேட்ட மாதிரியே எழுதி, தெரிந்த பதிலைக் கீழே கொடுத்திருக்கிறேன். வரிசையாகப் படித்தால் நல்லது, பின்னால் வரும் பதில்கள் முன்னால் சொன்னதை நம்பித்தான் நிற்கின்றன.

‘லூசீல்’னா என்ன? நாவலா, கவிதையா?

இரண்டும்தான். 1860இல் லண்டனில் வெளிவந்த, முழுக்கச் செய்யுளில் எழுதப்பட்ட ஒரு காதல் கதை. இரண்டு பாகம், ஒவ்வொன்றிலும் ஆறு காண்டம். உரையாடல், கடிதம், மலைப் பயணம், சண்டைக்கு அழைப்பு என்று நாவலில் என்னவெல்லாம் வருமோ அத்தனையும் எதுகையோடு வரும்.

இரண்டு லேசான அசை, அப்புறம் ஒரு அழுத்தமான அசை என்று குதிரை ஓடுகிற மாதிரி ஓடும் சந்தம் அது. அந்த வேகம்தான் அதன் பலம், சில இடங்களில் அதுவே பலவீனமும்கூட, ஏனென்றால் துக்கமான காட்சியிலும் ஓட்டம் நிற்காது.

எழுதியவர் பெயர் ஓவன் மெரிடித்னு போட்டிருக்கு. லிட்டன் எங்கே வந்தார்?

ஓவன் மெரிடித் என்பது புனைபெயர். உண்மைப் பெயர் எட்வர்ட் ராபர்ட் புல்வர் லிட்டன், 1831இல் பிறந்தவர். அப்பா எட்வர்ட் புல்வர் லிட்டன் அந்தக் காலத்தில் பெரிய நாவலாசிரியர், அரசியல்வாதி, அமைச்சராகவும் இருந்தவர். வாளைவிடப் பேனா வலிமையானது என்று நாம் சொல்லிக்கொண்டிருக்கிறோமே, அந்த வரி அவர் நாடகத்தில் வந்தது. வீட்டில் இருந்து இரண்டு எழுத்தாளர்கள் ஒரே பெயரில் புறப்படுவதை அப்பா விரும்பவில்லை. அதனால் 1855இல் முதல் புத்தகம் வந்தபோதே மகன் வேறு பெயர் வைத்துக்கொண்டார்.

வீட்டு நிலைமை அதைவிட மோசம். அவருக்கு ஐந்து வயது ஆவதற்குள் அப்பாவும் அம்மாவும் பிரிந்துவிட்டார்கள், பிள்ளைகள் அம்மா ரொஸீனாவிடமிருந்து பிரிக்கப்பட்டார்கள். 1858இல், தேர்தல் மேடையில் வந்து தன்னைப் பகிரங்கமாகச் சாடிய மனைவியை அப்பா மனநோய் விடுதியில் அடைத்தார். பத்திரிகைகள் கொதித்ததில் சில வாரத்தில் அந்த அம்மா வெளியே வந்தார், மகன்தான் அவரைப் பிரான்சுக்கு அழைத்துப் போனார். இது நடந்து இரண்டு வருடத்தில் ‘லூசீல்’ வெளிவந்தது, அதையும் அப்பாவுக்கே காணிக்கையாக்கியிருக்கிறார். வெளியுலகத்தால் தப்பாகப் பேசப்படுகிற, ஆனால் மற்ற எல்லாரையும்விட உயர்ந்த ஒரு பெண் அந்தக் கதையின் நடுவில் நிற்பதைப் படிக்கும்போது எனக்கு ரொஸீனா ஞாபகம் வராமல் இருந்ததில்லை.

ஜார்ஜ் மெரிடித்தும் இவரும் ஒரே ஆளா?

இல்லை. ஜார்ஜ் மெரிடித் வேறு, அவரும் அதே காலத்து நாவலாசிரியர், கவிஞர். அவருக்கு அது சொந்தப் பெயர்.

கதையைச் சுருக்கமா சொல்லுங்க, முடிவு தெரிஞ்சாலும் பரவாயில்லை.

ஆல்ஃபிரட் வார்கிரேவ் என்ற ஆங்கிலப் பிரபுவுக்கு மட்டில்டா என்ற பெண்ணோடு நிச்சயமாகியிருக்கிறது. அந்த நேரத்தில் பழைய காதலி லூசீல் டி நெவேரிடமிருந்து ஒரு கடிதம் வருகிறது: முன்பு நான் எழுதிய கடிதங்களைத் திருப்பித் தருவதாகச் சொன்னீர்களே, கொண்டுவாருங்கள். பைரனீஸ் மலையடிவாரத்துக்குப் போகிறவர் மறுபடியும் அவளிடமே மனதைப் பறிகொடுக்கிறார். லூவா என்ற பிரெஞ்சுக் கோமகனும் அவளை விரும்புகிறான். தவறான புரிதலில் ஆல்ஃபிரட்டும் லூசீலும் பிரிகிறார்கள், ஆல்ஃபிரட் மட்டில்டாவைக் கல்யாணம் செய்துகொள்கிறார்.

இரண்டாம் பாகத்தில் ஜெர்மனியின் எம்ஸ் என்ற ஊரில் நால்வரும் மறுபடி சந்திக்கிறார்கள். பழிவாங்கத் துடிக்கும் லூவா அந்தக் கல்யாணத்தைக் குலைக்கப் பார்க்கிறான், குலையாமல் காப்பாற்றுவது லூசீல். தனக்குக் கிடைக்காத வாழ்க்கையை இன்னொருத்திக்குக் கட்டிக்கொடுத்துவிட்டு அவள் விலகிப்போகிறாள். வருடங்கள் ஓடுகின்றன. 1850களில் ரஷ்யாவுக்கு எதிராகப் பிரிட்டனும் பிரான்சும் நடத்திய கிரிமியப் போர் வருகிறது. ஆல்ஃபிரட்டின் மகன் காயம்பட்டுப் படுத்திருக்கிறான், உடல் காயத்தைவிட அவனை வாட்டுவது லூவாவின் உறவுப் பெண்மேல் வைத்த காதல், லூவா சம்மதிக்கவில்லை. பையனுக்குப் பணிவிடை செய்யும் கன்னிகாஸ்திரீதான் லூசீல், இப்போது பெயர் சேராஃபீன். இன்று படைத்தலைவனாக இருக்கும் லூவாவின் கூடாரத்துக்கு அவளே போய்ப் பேசி அவன் மனதைக் கரைக்கிறாள்.

கடைசிக் காண்டத்தில், நோயுற்ற உலகம் தன்மேல் சாய்ந்துகொள்ள, அதைத் தேற்றவும் ஆற்றவும் குணப்படுத்தவும் பிறந்தவள் பெண், அப்படிப்பட்டவள் லூசீல் என்று கவிஞர் முடிவாகச் சொல்கிறார். இந்த இடத்தை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

சமையல்காரர் இல்லாம வாழ முடியாதுன்னு ஒரு கவிதை சுத்துதே, அது இவருடையதா?

ஆமாம், ‘லூசீல்’ முதல் பாகத்திலேயே வருகிறது. கவிதை இல்லாமல், இசையும் கலையும் இல்லாமல் வாழலாம், மனசாட்சி இல்லாமல் வாழலாம், இதயம் இல்லாமலும் வாழலாம், நண்பர்கள் இல்லாமல், புத்தகம் இல்லாமல் வாழலாம், ஆனால் நாகரிக மனிதனால் சமையல்காரர் இல்லாமல் வாழ முடியாது என்று போகும். நம்பிக்கை இல்லாமல், காதல் இல்லாமல்கூட வாழ்ந்துவிடலாம், சாப்பிடாமல் வாழ்கிறவன் எங்கே இருக்கிறான் என்று அடுத்த வரிகள் கேட்கும். அமெரிக்காவில் சமையல் புத்தகங்களின் முதல் பக்கத்தில் போடுகிற அளவுக்கு அது தனியாகப் பிரபலமாகிவிட்டது, எழுதியவர் யார் என்பது பலருக்குத் தெரியாது.

அது விளையாட்டாக எழுதியது, 28 வயது இளைஞன் எழுதியது. பதினாறு வருடம் கழித்து நடந்த பஞ்சத்தை வைத்து அந்த வரிகளுக்காக அவர்மேல் பாய்வது சரியில்லை. ஆனால் பஞ்சத்தைப் பற்றித் தெரிந்த பிறகு அதே வரிகளை நிம்மதியாகப் படிக்கவும் என்னால் முடியவில்லை.

பழைய புத்தகக் கடையில அமெரிக்கப் பதிப்பா கிடைக்குது. அங்கே ஏன் அவ்வளவு ஓடுச்சு? விலை போகுமா?

1891 வரை வெளிநாட்டு எழுத்தாளருக்கு அமெரிக்காவில் பதிப்புரிமை கிடையாது. யார் வேண்டுமானாலும் அச்சடிக்கலாம், எழுதியவருக்குக் காசு கொடுக்க வேண்டாம். ‘லூசீல்’ காதல் கதை, ஆபாசம் இல்லை, கண்ணீர் உண்டு, கடைசியில் ஒழுக்கமும் உண்டு. பரிசு கொடுப்பதற்கு இதைவிட வசதியான புத்தகம் கிடைக்காது. மெத்தைபோல் பஞ்சு வைத்துத் தைத்த அட்டை, பொன் விளிம்பு, படங்கள் என்று விதவிதமாக அடித்தார்கள். அயோவா பல்கலைக்கழக நூலகத்தைச் சேர்ந்த ஒருவர் இதன் அமெரிக்கப் பதிப்புகளையே தேடித் தொகுத்தார். 1860 தொடங்கி 1938 வரை சுமார் நூறு பதிப்பகங்கள், இரண்டாயிரம் அளவுக்கு வெவ்வேறு அச்சுகள் என்று கணக்கு போனது.

விலையா? இவ்வளவு அச்சடித்த புத்தகம் அபூர்வமாக இருக்காது. அட்டை அழகாக இருந்தால் அதற்காக வைத்துக்கொள்ளுங்கள்.

கதையே திருடினதுன்னு சொல்றாங்களே?

அதில் உண்மை இருக்கிறது. முதல் பாகத்தின் அடிப்படை, அதாவது பழைய காதலி கடிதங்களைக் கேட்டு அழைப்பது, மலைநகரில் சந்திப்பது, இன்னொரு ஆள் நடுவில் வருவது, இதெல்லாம் பிரெஞ்சு எழுத்தாளர் ஜார்ஜ் சாண்ட் 1830களில் எழுதிய ‘லவீனியா’ கதையில் இருக்கிறது. அப்போதே இதைச் சுட்டிக்காட்டினார்கள். செர்பிய நாட்டுப்பாடல்கள் என்று அவர் வெளியிட்ட தொகுப்பு மீதும் இதே மாதிரி குற்றச்சாட்டு வந்தது.

ஆனால் ஒரு விஷயம். இரண்டாம் பாகம், கிரிமியா, சேராஃபீன், இவையெல்லாம் லிட்டன் சேர்த்தவை. சாண்டின் நாயகியிடம் இல்லாத தியாகத்தை இவர் தன் நாயகி தலையில் ஏற்றினார். அது கவிதைக்கு நல்லதா என்பது வேறு கேள்வி, ஆனால் இவர் எதை உயர்வாக நினைத்தார் என்று அதில் தெரிகிறது.

கவிதை எழுதிக்கிட்டிருந்தவர் எப்படி வைஸ்ராய் ஆனார்?

கவிதை எழுதிக்கொண்டே அவர் பார்த்த வேலை தூதரகப் பணி. பதினெட்டு வயதில் வாஷிங்டனில் தூதராக இருந்த பெரியப்பாவிடம் செயலாளராகப் போனவர், அப்புறம் ஃபிளாரன்ஸ், பாரிஸ், வியன்னா, ஏதென்ஸ், லிஸ்பன் என்று ஐரோப்பா முழுக்கச் சுற்றினார். ஃபிளாரன்சில் கவிஞர்கள் ராபர்ட் பிரௌனிங், எலிசபெத் பிரௌனிங் இருவரோடும் பழக்கம். இந்தியாவில் ஒரு நாள்கூட வேலை பார்த்ததில்லை.

1875இல் சென்னை மாகாண ஆளுநர் பதவி அவரைத் தேடி வந்தது, வேண்டாம் என்றுவிட்டார். அடுத்து வைஸ்ராய் பதவி வந்தது. பிரதமர் டிஸ்ரேலி அவர் அப்பாவின் நண்பர், தானும் நாவலாசிரியர், ரஷ்யாவுக்கு எதிராக ஆப்கானிஸ்தானில் துணிந்து இறங்கக்கூடிய ஆள் அவருக்குத் தேவைப்பட்டது. வேறு சிலர் மறுத்த பிறகு இவரைக் கேட்டார். 1876 ஏப்ரலில் பதவியேற்றார்.

நம்ம ஊருக்கும் இவருக்கும் என்ன சம்பந்தம்?

தாது வருடப் பஞ்சம். 1876இல் பருவமழை பொய்த்தது. பல்லாரி, கர்னூல், கடப்பை, சேலம், கோவை, வட ஆர்க்காடு என்று சென்னை மாகாணத்தின் பெரும்பகுதியும் மைசூரும் காய்ந்தன. சென்னை அரசு தனியாரிடமிருந்து சத்தமில்லாமல் தானியம் வாங்கி வைக்கத் தொடங்கியது. வைஸ்ராய் அரசு அதை ஏற்கவில்லை. தானிய விலையைக் குறைப்பதற்காக அரசு எந்த வகையிலும் சந்தையில் தலையிடக்கூடாது என்பது லிட்டனின் கொள்கை. ரயிலும் துறைமுகமும் வழக்கம்போல் இயங்கின, இந்தியாவிலிருந்து தானிய ஏற்றுமதியும் நிற்கவில்லை.

1877 ஜனவரி 1ஆம் தேதி டெல்லியில் விக்டோரியாவை இந்தியாவின் பேரரசியாக அறிவிக்கும் மாபெரும் தர்பார் நடந்தது. மேடை அலங்காரம், கொடி, சின்னம் எல்லாவற்றிலும் லிட்டனுக்கு நேரடி ஆர்வம். அதே மாதம் ரிச்சர்ட் டெம்பிள் என்ற அதிகாரியைச் செலவைக் குறைக்கச் சொல்லி சென்னைக்கு அனுப்பினார். இந்த டெம்பிள்தான் 1873-74 பீகார் பஞ்சத்தில் பர்மாவிலிருந்து அரிசி வரவழைத்து உயிர்களைக் காப்பாற்றியவர், அதற்காகப் பணத்தை இறைத்தார் என்று திட்டும் வாங்கியவர். இந்தத் தடவை நேர்மாறாக நடந்துகொண்டார். நிவாரண வேலை செய்யும் ஆணுக்கு நாளொன்றுக்கு ஒரு ராத்தல், அதாவது சுமார் 450 கிராம் தானியம், கூடவே ஒரு அணாவோ அதற்கும் குறைவோ. நாள் முழுக்க மண் வெட்டுகிறவனுக்கு அது போதாது என்று சென்னையின் சுகாதார ஆணையர் டாக்டர் கார்னிஷ் விடாமல் எதிர்த்தார், பிறகு கொஞ்சம் கூட்டினார்கள்.

1877 ஆகஸ்ட் கடைசியில் லிட்டனே தெற்கே வந்தார். முகாம்களைப் பார்த்துவிட்டு மனைவிக்கு எழுதிய கடிதத்தில், அங்கே இருப்பவர்கள் வேலை செய்யாமல் கொழுத்துப்போய், உல்லாசப் பயணம் வந்ததுபோல் மகிழ்ச்சியாக இருக்கிறார்கள் என்று எழுதினார். ஆங்கிலேயர் ஆட்சிப் பகுதியில் மட்டும் செத்தவர்கள் சுமார் 55 லட்சம் என்பது ஒரு மதிப்பீடு, இன்னும் கூடுதலாகச் சொல்கிறவர்களும் உண்டு. பிழைப்புத் தேடி இலங்கைக் காப்பித் தோட்டங்களுக்குப் போனவர்கள் ஏராளம். சென்னையில் கூவத்தையும் அடையாற்றையும் இணைக்கும் பக்கிங்ஹாம் கால்வாய்த் துண்டு அந்தப் பஞ்ச நிவாரண வேலையில் வெட்டப்பட்டதுதான். அன்றைய ஆளுநர் பெயரை வைத்தார்கள், வெட்டினவர்கள் பெயர் எங்கும் இல்லை.

மழை பெய்யலைன்னா அதுக்கு அவர் என்ன செய்வார்? அவர் மேல பழி போடுறது நியாயமா?

மழைக்கு அவர் பொறுப்பில்லை. ஆனால் மேலே சொன்ன பீகார் கதையைத் திரும்பப் பாருங்கள். மூன்றே வருடம் முன்பு, அதே அதிகாரி, அதே சாம்ராஜ்யம், தானியம் இறக்குமதி செய்து சாவைத் தடுத்தார்கள். வழி தெரியாமல் இல்லை. அதைச் செய்யக்கூடாது என்று முடிவெடுத்தார்கள், முடிவெடுத்த இடத்தில் லிட்டன் இருந்தார்.

அவர் காலத்திலேயே 1878இல் பஞ்ச விசாரணைக் குழு அமைக்கப்பட்டது, 1880இல் அதன் அறிக்கை வந்தது, அதிலிருந்து பின்னாளில், பஞ்சம் வந்தால் அரசு என்ன செய்ய வேண்டும் என்று சொல்லும் பஞ்ச விதித்தொகுப்பு பிறந்தது. இதை அவர் பக்கக் கணக்கில் வைப்பவர்கள் உண்டு, வைக்கட்டும். ஆனால் பஞ்சக் காப்பு நிதி என்று வரி போட்டு வசூலித்த பணம் 1878இல் அவர் தொடங்கிய ஆப்கன் போருக்குத் திருப்பிவிடப்பட்டது என்ற குற்றச்சாட்டையும் அதே கணக்கில் சேர்க்க வேண்டும்.

தமிழ்ப் பத்திரிகைகளையும் இவர்தான் முடக்கினாரா?

1878 மார்ச்சில் தாய்மொழிப் பத்திரிகைச் சட்டம் கொண்டுவந்தவர் இவர்தான், ஒரே அமர்வில் நிறைவேற்றினார்கள். ஆனால் சென்னை மாகாணத்துக்கு அந்தச் சட்டம் பொருந்தவில்லை, அதனால் தமிழ்ப் பத்திரிகைகள் தப்பின. நிறையப் பேர் இதை மாற்றிச் சொல்கிறார்கள். அடி வாங்கியது வங்காளமும் வடக்கும்தான். அமிர்த பஜார் பத்திரிகை ஒரே இரவில் ஆங்கிலப் பத்திரிகையாக மாறியது இதனால்தான். அடுத்து வந்த ரிப்பன் பிரபு சட்டத்தை நீக்கினார்.

அவ்வளவு உருகி உருகி எழுதினவரா இப்படி நடந்துக்கிட்டார்? கவிதையெல்லாம் வேஷமா?

எல்லாரும் கடைசியில் வந்து நிற்கும் கேள்வி இது. வேஷம் என்று நான் நினைக்கவில்லை. ஆக்ராவில் ஃபுல்லர் என்ற ஆங்கில வழக்கறிஞர் தன் குதிரைக்காரனை அடித்தார், அந்த ஆள் இறந்துபோனார். நீதிபதி போட்ட தண்டனை 30 ரூபாய் அபராதம். லிட்டன் அதைக் கடுமையாகக் கண்டித்து எழுதினார், இந்தியாவில் இருந்த ஆங்கிலேயர்கள் அவர்மேல் கொதித்தெழுந்தார்கள், அவர் பின்வாங்கவில்லை. கண்ணெதிரே ஒரு மனிதனுக்கு நடந்த அநியாயம் அவருக்குப் புரிந்தது.

‘லூசீல்’ கவிதையில் இரக்கம் எங்கே இருக்கிறது என்று பாருங்கள். அது ஒரு பெண்ணிடம் இருக்கிறது, கன்னிகாஸ்திரீ உடையில், மருத்துவக் கூடாரத்தில். அவள் காப்பாற்றுவது ஒரு பையனை, ஒரு குடும்பத்தை, ஒரு பழைய காதலனின் ஆன்மாவை. அதே கிரிமியாவில் குளிரிலும் வாந்திபேதியிலும் ஆயிரக்கணக்கில் செத்த சிப்பாய்களுக்கு யார் பொறுப்பு என்று கவிதை எங்கேயும் கேட்பதில்லை. நோயுற்ற உலகத்தைத் தாங்குவது சேராஃபீனின் வேலை. அரசாங்கத்தின் வேலை என்று அது அவருக்குத் தோன்றவே இல்லை. 1877இல் கோப்புகளோடு உட்கார்ந்தபோதும் அவர் இந்த நம்பிக்கையோடுதான் உட்கார்ந்தார். அதனால் கவிஞர் ஒருவர், வைஸ்ராய் இன்னொருவர் என்று பிரிக்க வேண்டியதில்லை என்பது என் கருத்து. கவிதை பொய் இல்லை, அதன் இரக்கத்துக்கு எல்லை இருந்தது, அந்த எல்லைக்கு வெளியேதான் சேலமும் பல்லாரியும் இருந்தன.

அதே வருடங்களில் மாயூரத்தில் முன்னாள் முன்சீப் வேதநாயகம் பிள்ளை, அவரும் எழுத்தாளர்தான், தன் சொத்தைச் செலவழித்துக் கஞ்சி ஊற்றினார், கோபாலகிருஷ்ண பாரதியார் அவரைப் புகழ்ந்து பாடினார். இதை லிட்டனைத் தாழ்த்துவதற்காகச் சொல்லவில்லை, தனி மனிதரால் எவ்வளவுதான் முடியும் என்பதைக் காட்டச் சொல்கிறேன். வேதநாயகம் பிள்ளையிடம் ரயிலும் கஜானாவும் இல்லை, லிட்டனிடம் இருந்தன.

அப்புறம் அவர் என்ன ஆனார்? பிள்ளைகள்?

ஆப்கன் போர் சிக்கலானது, 1879 செப்டம்பரில் காபூலில் பிரிட்டிஷ் தூதர் கவக்னாரி கொல்லப்பட்டார். 1880 தேர்தலில் டிஸ்ரேலி தோற்றதும் லிட்டன் விலகினார். 1887இல் பாரிஸில் தூதரானார், அங்கே அவரை எல்லாருக்கும் பிடித்தது. 1891இல் அங்கேயே இறந்தார். ஆஸ்கார் வைல்ட் தன் நாடகம் ஒன்றை அவர் நினைவுக்குக் காணிக்கையாக்கினார்.

பிள்ளைகள் கதை தனியாகப் படிக்க வேண்டியது. மகள் கான்ஸ்டன்ஸ் பெண்கள் வாக்குரிமைக்காகச் சிறை போனார். பிரபு வீட்டுப் பெண் என்பதால் சலுகை காட்டுகிறார்கள் என்று தெரிந்ததும், 1910இல் ஏழைத் தையல்காரியாக வேஷம் போட்டு, ஜேன் வார்ட்டன் என்ற பெயரில் லிவர்பூலில் கைதானார். உண்ணாவிரதம் இருந்தவருக்குக் குழாய் வைத்துக் கட்டாயமாக உணவு ஏற்றினார்கள். அதில் கெட்ட உடம்பு பிறகு தேறவே இல்லை. இன்னொரு மகள் எமிலி, புதுடெல்லியைக் கட்டிய லுட்யென்ஸின் மனைவி, பிரம்மஞான சபையில் சேர்ந்து ஜே. கிருஷ்ணமூர்த்திக்குத் தாய்போல் இருந்தவர். சிம்லாவில் பிறந்த மகன் விக்டர் 1922இல் வங்காள ஆளுநராக வந்தார்.

இதெல்லாம் தெரிஞ்ச பிறகும் ‘லூசீல்’ படிக்கணுமா? எங்கே தொடங்கறது?

படிக்கலாம், நான் படிக்கச் சொல்வேன். பெரிய கவிதை என்று சொல்ல மாட்டேன், ஆனால் ஒரு ஆட்சியாளர் எதற்கெல்லாம் கண் கலங்கினார் என்று அவரே எழுதிவைத்த புத்தகம் நமக்கு அடிக்கடி கிடைப்பதில்லை. பதிப்புரிமை எப்போதோ போய்விட்டதால் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது.

முதல் இரண்டு காண்டங்களை வாய்விட்டுப் படியுங்கள், மனதுக்குள் படித்தால் அந்தச் சந்தம் பிடிபடாது. இயற்கை வருணனை நீளும் இடங்களைத் தள்ளிவிட்டால் பெரிய நஷ்டம் இல்லை. எம்ஸில் லூசீலும் மட்டில்டாவும் பேசும் காட்சியை மட்டும் விடாதீர்கள், இரண்டு பெண்கள் பேசும் அந்த இடம்தான் எனக்கு முழுக் கவிதையிலும் பிடித்தது. கடைசிக் காண்டத்தை, பஞ்சம் பற்றிய பதிலை இன்னொரு தடவை பார்த்துவிட்டுப் படியுங்கள்.